வியாழக்கிழமை டீச்சரின் கைகள்

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் முதல் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்தபோது, ஹாலில் என் மகள் இரண்டு பேராக உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னல் வழியாகத்தான் முதலில் பார்த்தேன். ஒருத்தி சின்னவள், ஆறு வயது, பச்சை கவுன். அவள் என் மகள் தர்ஷினி. அவளுக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்காத தூரத்தில், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. இருவருடைய இடது கையும் ஒரே நேரத்தில் காதுப் பக்கம் எழும்பியது. சுண்டுவிரலில் தொடங்கி விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. இருவரும் அதன்மேல் ஊதினார்கள். பிறகு இரண்டு தொண்டையிலிருந்தும் 'ம்ம்' என்று ஒரே சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

தர்ஷினி பேச மாட்டாள். ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். எங்கள் ஊர் குடிகாடு பள்ளிக்கூடத்தில் பேர் இருந்ததே தவிர, வகுப்புச் சத்தம் அவளுக்கு ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் வீட்டுக்கே சிறப்பாசிரியர் வந்து சொல்லித்தருவார் என்றார்கள். அப்படி வந்தவர்தான் இவர்.

டீச்சர் என்றே கூப்பிட்டோம். பேர் அவர் கழுத்தில் தொங்கிய அட்டையில் அச்சாகி இருந்தது. ஆனால் அந்த அட்டையை வாசலிலேயே கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றி டிபன் பாக்ஸ் மூடியில் வைப்பார். ஏன் என்று என் மனைவி கேட்டதற்கு, "அவுங்க போடலியே, நான் மட்டும் எப்படி போட்டுக்கினு உக்காருவேன்" என்றாராம். அவுங்க என்றது என் ஆறு வயது மகளை. அவரிடம் படித்த எல்லாப் பிள்ளைகளும் அவருக்கு அவுங்கதான்.

சிலேட்டு, படம் போட்ட அட்டை, கலர் கட்டை, எதுவும் கொண்டுவர மாட்டார். வந்ததும் தரையில் உட்காருவார். தர்ஷினி கையைத் தூக்கினால் இவரும் தூக்குவார். அவள் ஆடினால் இவரும் ஆடுவார். நாலு வாரம் இதே கதை. எனக்குப் பொறுமை என்பது கொஞ்சம் கம்மி. கம்பெனியில் பவுடர் மூட்டை கட்டும் பிரிவில் வேலை, நாளெல்லாம் முகமூடிக்குள் வெந்துவிட்டு வருகிறவன். கேட்டிலோ கட்டைவிரல் வைக்கும் மெஷின், பவுடர் ஏறிய ரேகையை எடுக்காமல் அடம்பிடிக்கும். அத்தனை எரிச்சலோடு வந்து ஒரு வியாழக்கிழமை கேட்டேவிட்டேன், பாடம் எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று.

"மொதல்ல நாம அவுங்க வூட்டுக்குப் போவணுங்க" என்றார். "அப்புறமாதான் அவுங்க நம்ம வூட்டுக்கு வருவாங்க."

சம்பளம் வாங்கிக்கொண்டு சாமியார் பேச்சுப் பேசுகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

ஆனால் அவர் செய்ததை வெறும் பாவனை என்று சொன்னால் அது பொய். பாவனை செய்கிறவர்கள் முகத்தில் ஒரு மூலையில் அவர்களே இருப்பார்கள். இவர் முகத்தில் அவர் இருக்க மாட்டார். மூச்சுகூட தர்ஷினியின் மூச்சு, கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, பாதியில் விடுவது. ஒரு நாள் என் மனைவி அடுப்பங்கரையில் நின்றிருந்தபோது பின்னால் 'ம்ம்' என்று கேட்டிருக்கிறது. "இருடா கண்ணு, வரேன்" என்று திரும்பினால், சுவரில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, தண்ணீர் குடிக்க வந்த டீச்சர். தான் சத்தம் போட்டதே அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மாதம் அது நடந்தது. டீச்சர் கையைத் தூக்கினார், விரல்களை மடக்கினார், கட்டைவிரல் வந்ததும் நிறுத்திவிட்டார். ஊதவில்லை. காத்திருந்தார். தர்ஷினி தன் கட்டைவிரலைப் பார்த்தாள், டீச்சர் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து டீச்சர் விரலில் ஊதினாள். ஊதிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் சந்தோஷப்பட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் வயிறெரிந்தேன். ஆறு வருஷமாக எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. அப்பா என்று கூப்பிட வேண்டாம், படிக்க வேண்டாம், என் பிள்ளை என்னை ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தால் போதும் என்றுதான் இருந்தேன். அந்தப் பார்வை வாரம் ஒரு நாள் வந்துபோகிற ஒருத்தருக்குப் போய்விட்டது.

மஞ்சக்குப்பத்தில் தர்ஷினிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க அலைந்துவிட்டு ஒரு நாள் டவுன் பஸ்ஸில் திரும்பினேன். எனக்கு இரண்டு சீட் முன்னால், பக்கவாட்டு இருக்கையில் டீச்சர். என்னைக் கவனிக்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த கைகள் மட்டும் சும்மா இல்லை. இரண்டு உள்ளங்கையும் தொடையில் மூன்று தரம் தட்டின, நின்றன, மறுபடியும் மூன்று தரம் தட்டின. எனக்கு அது தெரியும். டீச்சரிடம் படிக்கிற செம்மங்குப்பத்து டீக்கடைக்காரர் மகள் கடை பெஞ்சில் உட்கார்ந்து நாள் முழுக்க அப்படித்தான் தட்டும். அது ஓய்ந்ததும் இடது கை காதுக்கு எழும்பியது. என் மகள். பஸ் வளைவில் திரும்பியபோது என் மகளும் போய்விட்டாள். டீச்சர் தாடையைத் தோளில் வைத்து மெல்ல மூன்று தரம் தேய்த்தார். தேய்த்துவிட்டுச் சத்தமே இல்லாமல் சிரித்தார். இந்த மூன்றாவது ஆள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

அந்த ஆள் யார் என்பது அடுத்த மாதம் தெரிந்தது. மஞ்சக்குப்பத்தில் டீச்சர் உட்காரும் பயிற்சி மையத்துக்கு ஒரு கையெழுத்துக்காகப் போயிருந்தேன். உள்ளே டீச்சருக்கு எதிரே தரையில் ஓர் அம்மா, பக்கத்தில் சிவப்புப் பிடி போட்ட குடை. இருவரும் பேசவில்லை. டீச்சர் தாடையைத் தோளில் தேய்த்தார், சத்தமில்லாமல் சிரித்தார். அந்த அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் இருக்கும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாசலில் இருந்த ஆயாம்மாவிடம் யார் என்று விசாரித்தேன். அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"அவுங்க புள்ள போயி மூணு வருசம் ஆவுது. மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவாங்க."

"யாரப் பாக்க?"

"புள்ளயத்தான்."

கையெழுத்து வாங்காமலே பஸ் ஏறினேன். வழி நெடுக ஒரே யோசனை. அசைவை டீச்சர் எடுத்து வைத்துக்கொண்டதால் அந்தப் பிள்ளை போனதா, போகும் என்று தெரிந்து எடுத்து வைத்துக்கொண்டாரா? இரண்டும் கிறுக்குத்தனம் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் என் மகளும் அதே கைகளில்தான் இருக்கிறாள் என்ற நினைப்பு இறங்கும் நிறுத்தம்வரை விடவில்லை.

இந்த நேரத்தில்தான் என் மச்சான், மனைவியின் தம்பி, வீட்டுக்கு வந்தான். அது ஒரு வியாழக்கிழமை. டீச்சரையும் பாப்பாவையும் கொஞ்ச நேரம் பார்த்தவன் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"என்னா மாமா, அந்த அம்மா பாப்பாவ நக்கல் பண்ற மாதிரியே இருக்குது. நீ சும்மா பாத்துக்கினு இருக்கிற?"

எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அன்றே டீச்சரிடம் சொல்லிவிட்டேன், இனிமேல் வரவேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று. காரணம் கேட்பார், சண்டைக்கு நிற்கலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. டிபன் பாக்ஸ் மூடியிலிருந்து வளையலை எடுத்துப் போட்டார், வாட்சைக் கட்டினார், அட்டையை மாட்டினார்.

"சரிங்க" என்றார். "கைய மட்டும் புடிச்சிடாதீங்க."

நான் பிடித்தேன்.

மச்சான் குழந்தைக்குக் காது குத்து. ஊரே கூடியிருக்கிற இடத்தில் தர்ஷினி கை காதுக்கு எழும்பியது, நாலு பேர் திரும்பினார்கள். நான் அந்தக் கையைப் பிடித்து அவள் மடியில் அழுத்தி, "கை கீழ" என்றேன். மறுபடி எழும்பியது, மறுபடி அழுத்தினேன். விசேஷம் முடிவதற்குள் அவள் கை அடங்கிவிட்டது. அட, இவ்வளவு சுலபமா என்று வீட்டிலும் தொடர்ந்தேன். சாப்பிடும்போது, டிவி முன்னால், கடைத்தெருவில், எங்கே எழும்பினாலும் கை கீழ. ஒரு மாதத்தில் அது நின்றேபோனது. பாப்பா பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

கொஞ்ச நாள் கழித்துத்தான் மற்றவை தெரிய ஆரம்பித்தன. 'ம்ம்' என்ற சத்தம் நின்றிருந்தது. பசித்தால் தட்டை இழுப்பாள், அது நின்றிருந்தது. காற்று மாறி, கம்பெனிகள் இருக்கிற எஸ்டேட் பக்கமிருந்து கெமிக்கல் வாடை வந்தால் முதலில் மூக்கைப் பொத்துகிறவள் அவள்தான், இப்போது வாடைக்குள் அப்படியே இருந்தாள். மிக்ஸி சத்தத்துக்குக்கூட அலறவில்லை. உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அடங்கிவிட்டாள் என்று ஒரு நாள் நான் சொன்னபோது என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள்.

"அடங்கலங்க. கதவச் சாத்திக்கினு உள்ள போயிட்டா. சாத்துனது நீங்க."

சரி, திருப்பிக் கொண்டுவரலாம் என்று இருவரும் தர்ஷினி முன்னால் உட்கார்ந்தோம். டீச்சர் செய்தது போலச் செய்துகாட்டினால் போதாதா? அங்கேதான் மாட்டிக்கொண்டோம். எந்த விரல் முதலில் மடங்கும்? வலது கையா, இடதா? ஊதுவது முன்னாலா, சத்தம் முன்னாலா? மனைவி ஒன்று சொன்னாள், நான் ஒன்று சொன்னேன். போனில் தேடினேன். பிறந்தநாள், பொங்கல், கடற்கரை என்று நூறு வீடியோ இருந்தது, ஒன்றிலும் அது இல்லை. அவள் கை எழும்பும்போதெல்லாம் வெட்கப்பட்டுப் போனை இறக்கியவன் நான்தான். பெற்ற பிள்ளை ஆறு வருஷம் கண்ணெதிரே செய்ததை அப்பனும் ஆத்தாளும் மறந்துபோயிருந்தோம். அன்றைக்கு நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

அது இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், டீச்சரின் கைகள். மஞ்சக்குப்பத்தில் விசாரித்தால் டீச்சரைச் சிதம்பரத்துக்கு மாற்றியாயிற்று என்றார்கள். கார்த்திகை மழை. வார லீவு அன்று பஸ் ஏறினேன். சிதம்பரத்தில் கீழவீதி தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் அறை என்று சொல்லியிருந்தார்கள். வராந்தாவில் ஏறும்போது எதிரே ஓர் அம்மா இறங்கிவந்தார். கையில் சிவப்புப் பிடி போட்ட குடை. என்னைப் பார்த்து நின்றார்.

"போங்க, இப்பத்தான் பாத்துட்டு வரேன்" என்றார். ஆஸ்பத்திரியில் பார்வை நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது போலத்தான் இருந்தது. "உங்களுது பையனா, பொண்ணா?"

பொண்ணு என்றேன்.

"எப்போ?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போய், "இருக்கா... வீட்ல இருக்கா" என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார். இருக்கிற பிள்ளையை விட்டுவிட்டு இங்கே எதற்கு வந்தாய் என்று அவர் கேட்கவில்லை, எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

டீச்சர் ரொம்ப இளைத்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. என்னை அடையாளம் தெரியவில்லை. குடிகாடு, தர்ஷினியோட அப்பா என்றேன். நெற்றியைச் சுருக்கினார்.

"பேரு சொன்னா எனக்குப் புடிபடாதுங்க. என்னா செய்வாங்க, அதச் சொல்லுங்க."

"அதுதான் டீச்சர் எனக்கு மறந்துபோச்சு."

அவர் கோபப்படவில்லை. உட்காருங்க என்றார். உட்கார்ந்தேன், குடைக்கார அம்மா உட்கார்ந்திருப்பாரே, அதே இடத்தில். டீச்சர் கைகளை மடியில் விட்டுவிட்டு என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தார். அவர் உடம்பில் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். தொடையில் தட்டுகிறவர், காதைச் சுருட்டுகிறவர், நாக்கால் கன்னத்தை உப்பவைக்கிறவர். வெளியே மழை. ஓர் ஆளுக்கு ஒரு முகம், ஒரு மூச்சு. நடுவில் ஒரு முறை எல்லோரும் போய் அந்த முகத்தில் யாருமே இல்லாமல் இருந்தது, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"காலையில பல்லு வெளக்கக்குள்ள எந்தக் கைன்னு தெரியாம நின்னுடறேங்க" என்றார் அப்போது. "என்னுதுன்னு ஒண்ணு இருந்திருக்கும் இல்ல? எதுன்னு தெரியல."

என் மகள் வரவே இல்லை. எத்தனை மாசமாச்சு நான் வந்து என்று டீச்சர் கேட்டார். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று எண்ணிக்கொண்டே வந்தேன், கார்த்திகை என்று முடிப்பதற்குள் போன் அடித்தது. என் மனைவி. வலது கையால் போனை எடுத்து, இடது கட்டைவிரலை ஊதிவிட்டுத் திரையில் வைத்தேன். பவுடர் கைக்காரர்கள் எல்லோருக்கும் இருக்கிற வழக்கம் இது. கேட்டில் மெஷினுக்கு ஊதி ஊதி, வீட்டிலும் எதைத் தொடுவதற்கு முன்னாலும் கட்டைவிரலை ஊதுவோம். "ம்ம்" என்றேன் போனில்.

நிமிர்ந்தால் எதிரே தர்ஷினி.

இடது கை காதுப் பக்கம் எழும்பியிருந்தது. சுண்டுவிரலில் தொடங்கி நாலு விரலும் மடங்கின. கட்டைவிரல் மிஞ்சியது. அதில் ஊதி, 'ம்ம்' என்றது டீச்சரின் வாய். அதே நேரம் என் இடது கையைப் பார்த்தேன். எண்ணிய விரல்கள் நாலும் மடங்கியபடியே இருந்தன, கட்டைவிரல் தனியாக நின்றது. வார லீவுக்கு எத்தனை நாள் என்று தினமும் வீட்டு வாசலில் கையைக் காதுப் பக்கம் தூக்கி இப்படித்தான் எண்ணுவேன். போன் வந்தால் இப்படித்தான் ஊதுவேன், காதில் வைத்ததும் இப்படித்தான் 'ம்ம்' என்பேன்.

"இவுங்களா!" என்றார் டீச்சர். அவர் முகத்தில் முதல்முறையாக அவருடைய சிரிப்பு. "இவுங்க உங்க வூட்டுக்கு எப்பவோ வந்துட்டாங்களே. வாராவாரம் நான் அவுங்களச் செய்யுறதா நெனச்சிக்கினு இருந்தேன். செஞ்சது உங்களத்தானுங்க."

என்னைப் பார்த்துச் செய்த கையைத்தான் நான் பிடித்து அழுத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்தத் தரையிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். போனுக்குள் என் மனைவி என்னங்க, என்னங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும்போது டீச்சர் வாசல்வரை வந்தார். "இனிமே ஒண்ணும் சொல்லித்தர வேணாம். அவுங்க என்னா செஞ்சாலும் அதையே நீங்களும் செய்யுங்க. உங்களுக்குப் புடிச்சாலும் சரி, புடிக்கலனாலும் சரி" என்றார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. சிதம்பரத்திலும் இப்போது இல்லை என்கிறார்கள். என் மகளுடைய அந்தப் பழைய கை இன்றைக்கும் ஏதோ ஒரு பஸ்ஸில் எழும்பி இறங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தர்ஷினிக்கு எதிரே முழங்கால் இடிக்காத தூரத்தில் உட்கார ஆரம்பித்தேன். வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு. அவள் ஒன்றும் செய்யவில்லை, நானும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். மார்கழி போனது, தை போனது.

மாசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். சூப்பர்வைசர் நம்பரிலிருந்து போன். யோசிக்காமல் வழக்கம் போலக் கட்டைவிரலைத் தூக்கி ஊதினேன். தர்ஷினி தலையைத் திருப்பினாள். என் விரலைப் பார்த்தாள். எழுந்து என் பக்கத்தில் வந்தாள். டீச்சர் விரலில் ஊதியது போல என் விரலிலும் ஊதப்போகிறாள் என்று விரலை நீட்டியபடியே வைத்திருந்தேன்.

அவள் என் கையைப் பிடித்து என் மடியிலேயே வைத்து அழுத்தினாள். கை எழும்பாதபடி, உள்ளங்கையால், பலமாக. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குள்.

நான் அழுத்திய அதே மாதிரிதான் இருந்தது. அந்தப் பிடி, அந்த பலம், சுருக்கிய புருவம்கூட என்னுடையதுதான்.

அவள் என்ன செய்தாலும் அதையே நானும் செய்ய வேண்டும் என்பது டீச்சர் சொன்னது. அப்படிப் பார்த்தால் இப்போது என் இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்துக் கீழே அழுத்த வேண்டும். அதை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவளாகத் தன் கையை எடுக்கும்வரை என் கையை அதற்கு அடியிலேயே வைத்திருந்தேன்.